நொண்டல் நின்னதும் சவாரிக்கு எடுத்துடாதீங்க

ஊட்டி, கொடைக்கானல் குதிரைக்கார அண்ணன்மாருக்கு. முன்னங்கால் தசைநாண் (தசையை எலும்போட சேர்க்கிற நார்) கிழிஞ்சா வலி சீக்கிரம் போயிடும். உள்ளே நார் சேர மாசக்கணக்காகும். டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொன்னப்புறம், ஆள் ஏறாம, கையில பிடிச்சு நடை: காலையும் மாலையும் 10 நிமிஷம். வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டலாம். சமமான கெட்டித் தரை மட்டும். இறக்கம் வேண்டவே வேண்டாம், பாரமெல்லாம் முன்னங்காலுக்குப் போகும். சேறு காலை இழுக்கும்.

தினமும் நடத்தறதுக்கு முன்னாடி, முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ரெண்டு காலையும் தடவி ஒப்பிடுங்க. ஒண்ணு மட்டும் சூடா, புடைச்சு இருந்தா நடையை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. நம்ம ஊர்க் குளிர்ல சூடு தெரியாம போகலாம். வீக்கத்தை விரலால தேடுங்க.

லாயத்துல நிக்கிற குதிரைக்குக் கொள்ளைக் குறைச்சு புல்லைக் கூட்டுங்க. இல்லைன்னா நடையிலேயே துள்ளி, சேர்ந்த நாரை மறுபடி கிழிச்சுக்கும். அடுத்த ஸ்கேன் வரைக்கும் ஓட்டம் கிடையாது, மே மாச சீசனே வந்தாலும்.