இரவு படிக்க இடம் தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பகலில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் இரவு 8 மணிக்கு எழுந்துவிட வேண்டும். நகராட்சிகள் பல ஊர்களில் கட்டியிருக்கும் அறிவுசார் மையங்களும் (நூலகத்தோடு சேர்ந்த படிப்பிடங்கள்), படிக்கவும் வேலை பார்க்கவும் கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகமும் செலவு குறைவான நல்ல இடங்கள். அவை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். விடிய விடியத் திறந்திருப்பவை பெரும்பாலும் தனியார் ரீடிங் ஹால்கள்தான், அதாவது கட்டணம் கட்டி உட்கார்ந்து படிக்கும் அறைகள். பயிற்சி மையங்கள் நிறைந்த அண்ணா நகர் பக்கம் இவை நிறைய.

ரீடிங் ஹாலைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரவு பத்தரை மணிக்குப் போங்கள். ஒருநாள் கட்டணம் கட்டியாவது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். பகலில் அமைதியாக இருக்கும் இடத்தில் இரவில் கீழே பார்சல் லாரி வந்து நிற்கும். பக்கத்து மண்டபத்தில் மேளம் கேட்கும். பகல் முழுக்க இருக்கும் மேற்பார்வையாளர் எட்டு மணிக்கே கிளம்பியிருப்பார். மேற்பார்க்க ஆள் இல்லாத ஹாலில் பதினொரு மணிக்கு மேல் பேச்சு தொடங்கும், அடக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்து காற்று. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சாதாரண ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. ஜன்னலை அடைத்து முப்பது நாற்பது பேர் மணிக்கணக்கில் மூச்சுவிட்டால் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். நள்ளிரவு தாண்டியதும் தலை கனக்கும், கொட்டாவி வரும். பாடம் மண்டையில் ஏறவில்லை என்று மாணவர்கள் தங்களையே நொந்துகொள்வார்கள். குறை அறையில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா, ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு வாருங்கள். ஏசிக்கு நேர் கீழே உள்ள இடம் வேண்டாம். குளிர்காற்று முகத்தில் அடித்து இரண்டு மணி நேரத்தில் கண் எரியத் தொடங்கும்.

கேபினில் (தடுப்பு வைத்த தனி இருக்கையில்) உட்கார்ந்ததும் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். புத்தகமும் நோட்டும் அருகருகே திறந்து வைக்க இரண்டரை அடி அகலமாவது வேண்டும். எழுதும் கையின் நிழல் தாளில் விழுந்தால் வெளிச்சம் தவறான பக்கத்திலிருந்து வருகிறது. வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கம் விளக்கு இருக்க வேண்டும். பிளக் பாயின்ட்டில் சார்ஜரைச் செருகிச் சோதியுங்கள். கரன்ட் போனால் இன்வெர்ட்டர் எதையெல்லாம் தாங்கும் என்று கேளுங்கள். பல இடங்களில் லைட் மட்டும்தான், ஃபேன்கூட ஓடாது. போனை வைப்ரேஷனில் போட்டு மேசைமேல் வைப்பவர்கள் இருந்தால் பிளைவுட் தடுப்பு வழியாக அந்த வரிசை முழுக்க அதிரும். ஃபோம் காதடைப்பான் கொஞ்சம் உதவும். அதை மெல்லிசாக உருட்டி, காதை மேல்நோக்கி இழுத்துச் செருகி, விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சும்மா திணித்தால் சத்தம் நிற்காது.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரவில் ஷட்டரை வெளியிலிருந்து பூட்டும் ஹாலில் சேராதீர்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும். மரத் தடுப்பு, ஏசி வயரிங், ஒரே குறுகலான படிக்கட்டு, இத்தனையும் சேர்ந்த இடத்தில் தீப்பிடித்தால் தப்பிக்க வழியே இருக்காது. இரண்டாவது வாசல் எங்கே என்று கேளுங்கள். காட்டினால் நீங்களே திறந்து பாருங்கள். பழைய நாற்காலிகளை அடுக்கி அடைத்திருப்பார்கள்.

திரும்பும் வழியையும் முன்கூட்டியே யோசியுங்கள். சென்னை மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வரை ஓடுகிறது. ஆக, பத்தரைக்குக் கிளம்புங்கள், இல்லையென்றால் ஐந்து மணி வரை உள்ளேயே இருங்கள். ஒரு மணிக்கு முடித்துத் தனியாக ஆட்டோ தேடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான திட்டம். விடுதியில் தங்கும் பெண்கள் முதலில் அங்கே கேட் மூடும் நேரத்தைப் பார்த்துவிட்டு ஹாலைத் தேடுங்கள். விடுதி இருக்கும் கட்டடத்திலேயே படிப்பறை இருந்தால் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும். கழிப்பறை அதே மாடியில் இருக்கிறதா, உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்பதையும் பாருங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

மூன்று மாத அட்வான்ஸ் கேட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். குறிப்பிட்ட இருக்கை உங்களுக்கே உரியதா, வந்தவர் உட்காரும் முறையா என்று தெளிவாகக் கேளுங்கள். லாக்கர் இல்லாத இடத்தில் தினமும் புத்தக மூட்டையைச் சுமக்க வேண்டியிருக்கும்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. இரவெல்லாம் விழித்து, பகல் பதினொன்று வரை தூங்கிப் பழகிய உடம்பு அந்த நேரத்தில் 200 கேள்விகளுக்கு ஒத்துழைக்காது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே இரண்டு நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கத் தொடங்குங்கள். கடைசி மாதம் பகல் ஷிஃப்டுக்கு மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.