சந்தை திறந்த பிறகு

பசிபிக் தீவுகளில் என்ன வேலை பார்த்தாய் என்று ஊரில் கேட்பார்கள். "அங்குள்ள விவசாயிகள் வெளிநாட்டுக்கு விளைபொருள் அனுப்ப உதவினேன்" என்று சொன்னால், வாங்க ஆள் பிடித்துத் தரும் தரகு வேலை என்றே புரிந்துகொள்வார்கள். வாங்க ஆள் இல்லாமல் அங்கே யாரும் தவிக்கவில்லை. ஆக்லாந்தின் தெற்குப் பகுதியில் சமோவா, டோங்கா, பிஜிக் குடும்பங்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்வந்து உட்காரும் சாப்பாட்டில் தலோ கிழங்கு இல்லையென்றால் அது சாப்பாடே இல்லை அவர்களுக்கு. தலோ என்பது நம் சேப்பங்கிழங்கின் வகைதான். ஒரு கிழங்கே இரண்டு பேர் வயிற்றை நிரப்பும் அளவுக்குப் பருத்தது. சிட்னியிலும் இதே தேவை உண்டு. பணத்தோடு நிற்கிறவர்களிடம் பொருள் போய்ச் சேராததற்குக் காரணம் வேறு. கிழங்கில் ஒட்டிய மண்ணாக இருக்கலாம், பழத்துக்குள் ஓர் ஈ இட்டுவிட்டுப் போன முட்டையாக இருக்கலாம், பெட்டிகளை அடுக்கிய மரப்பலகையில் பூச்சிநீக்க முத்திரை இல்லாமல் இருக்கலாம்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு, பசிபிக் தீவுகளின் விளைபொருள்களுக்கு வெளிநாட்டு அனுமதி பெற உதவும் ஃபாமா என்ற திட்டம் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலிய நிதியில் 2011-இல் தொடங்கி, பின்னர் நியூசிலாந்தும் கைகொடுக்க ஃபாமா பிளஸ் ஆனது. அந்த வட்டத்தில் தாவர நல ஆலோசகனாகப் பல தீவுகளில் அலைந்தேன். வாரத்தில் பாதி நாள் தோட்டத்திலும் பொதி கட்டும் கொட்டகையிலும் போகும். மீதி நாள் கடிதங்களில். ஒரு நாட்டின் தாவரக் காப்பு அதிகாரி இன்னொரு நாட்டின் அதிகாரிக்கு எழுதும் அந்தக் கடிதங்களைப் போல வறட்சியான இலக்கியம் உலகில் கிடையாது. ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் வருமானமே சில சமயம் அதன் ஒரு பத்தியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பப்பாளியை எடுத்துக்கொள்வோம். பிஜியில் பழ ஈக்கள் உண்டு, நியூசிலாந்தில் இல்லை. ஒரே ஒரு ஈ பிடிபட்டாலும் அந்த நாடே பதறும். ஆப்பிளும் கிவியும் விற்றுப் பிழைக்கிற நாடு. முன்பெல்லாம் பழங்களை எத்திலீன் டைபுரோமைடு புகையில் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது மனிதருக்குக் கேடு என்று தெரிந்து தடை வந்ததும் பிஜியின் பழ ஏற்றுமதி நின்றுபோனது. மாற்று வழி ஹவாயில் உருவானது: ரசாயனம் வேண்டாம், சூடான காற்றே போதும். பிஜியின் நாந்தி விமான நிலையத்துக்குள்ளேயே வெப்பக் காற்று அறைகளை அமைத்து, அவற்றை நடத்த 1995-இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயர் நேச்சர்ஸ் வே. விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களுமே அதன் சொந்தக்காரர்கள்.

பழத்தின் நடுச்சதை 47.2 டிகிரி செல்சியஸை எட்டவேண்டும், அந்தச் சூட்டில் 20 நிமிடம் நிற்கவேண்டும், பிறகு குளிர வைக்கவேண்டும். விதி இவ்வளவுதான். செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். இருப்பதில் பெரிய பழங்களைப் பொறுக்கி அவற்றுக்குள் வெப்பமானியின் ஊசியைச் செருகுவார்கள். பெரிய பழம் மெதுவாகச் சூடேறும், அது எட்டிவிட்டால் மற்றவையும் எட்டியிருக்கும் என்பது கணக்கு. சூட்டை அவசரமாக ஏற்றினால் பழம் வெந்துபோகும். மெதுவாக ஏற்ற மணிக்கணக்காகும். அன்று மாலை ஆக்லாந்து விமானமோ யாருக்காகவும் காத்திருக்காது.

அந்த அறை ஓர் ஆசிரியர் மாதிரி. தோட்டத்தில் கூடையைத் தொப்பென்று வைத்தது அப்போது யாருக்கும் தெரியாது. சூடு ஏறி இறங்கிய பிறகு பழத்தின் தோலில் தெரிந்துவிடும். அதனால் என் அறிவுரைகளில் பாதி, கூடையில் பழைய துணியை விரியுங்கள், காம்பைக் கத்தியால் வெட்டுங்கள், அதிகாலையில் பறியுங்கள் என்கிற மட்டத்தில்தான் இருந்தன. இதைச் சொல்வதற்கா விமானம் ஏறி வந்தாய் என்று யாரும் கேட்காதது அவர்கள் பெருந்தன்மை.

சிங்கதோக்கா ஆற்றுப் பள்ளத்தாக்கை பிஜியின் காய்கறிக் கூடை என்பார்கள். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரின் முன்னோர் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள். 1903 முதல் சென்னையிலிருந்து கப்பல்களில் கரும்புக்கு ஆள் கொண்டுபோனார்களே, அந்த வழி. வீட்டில் தமிழ் போய்விட்டது. நாந்தி சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போவதும், வெள்ளிக்கிழமை கறி சமைக்காததும் மிச்சம். அவருடைய கரும்பு நிலத்தின் 30 ஆண்டுக் குத்தகை முடிந்து, புதுப்பிக்கப்படாமல், வேறு துண்டு நிலம் பிடித்துப் பப்பாளி போட்டவர். 1997-க்குப் பிறகு அப்படி இடம் மாறிய குடும்பங்கள் பல. பிஜி இந்தியில்தான் பேசிக்கொள்வோம். நான் அவரைக் காக்கா (சித்தப்பா) என்பேன், அவர் என்னை பேட்டா (மகனே) என்பார்.

"கரும்பு போட்டா மில்லு லாரி வந்து ஏத்திட்டுப் போயிடும் பேட்டா. நல்லதோ கெட்டதோ, எடை போட்டுக் காசு. இங்க பாரு, ஒரு ஈக்கு நான் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் ஒருநாள்.

அவர் சொன்னதில் இந்தத் தொழிலின் சாரம் இருந்தது. கரும்பில் ஒருவர் தவறினால் அவருக்கு மட்டும் நட்டம். பழ ஏற்றுமதியில் ஒருவர் பெட்டியில் உயிருள்ள புழு ஒன்று அகப்பட்டால், அந்தப் பழத்துக்கே மொத்த நாட்டிலிருந்தும் வழியை நிறுத்தி வைக்க இறக்குமதி நாட்டுக்கு அதிகாரம் உண்டு. பக்கத்துத் தோட்டக்காரர் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் புதைக்கிறாரா என்பது காக்காவின் பிழைப்பையும் சேர்த்தே தீர்மானிக்கும்.

ஒரு நாடு ஒரு பொருளுக்கு அனுமதி தந்து புதிய சந்தை திறக்கும்போது அமைச்சர் வருவார், ரிப்பன் வெட்டுவார், முதல் பெட்டியோடு படம் எடுத்துக்கொள்வார்கள். பிஜியின் பச்சை இஞ்சி ஆஸ்திரேலியாவுக்குள் போனது அப்படிப்பட்ட வெற்றி. குவீன்ஸ்லாந்தின் இஞ்சி விவசாயிகள், பிஜி இஞ்சியோடு வேர்களைத் துளைக்கும் நூற்புழு வந்துவிடும் என்று கடுமையாக எதிர்த்தார்கள். ஆஸ்திரேலிய செனட் குழு ஒன்று விசாரணையே நடத்தியது. 2013-இல் இடர் ஆய்வு முடிந்து, 2014-இல்தான் சரக்கு போனது. எதிர்த்தவர்களைப் பற்றி பிஜித் தலைநகர் சுவாவில் கோபமாகப் பேசுவார்கள். எனக்கு அந்தக் கோபம் முழுதாக வந்ததில்லை. தன் வயலில் இல்லாத புழுவை உள்ளே விடாதே என்று கேட்கிற விவசாயி, காக்காவின் பயத்தைத்தான் வேறு ஊரில் இருந்துகொண்டு பயப்படுகிறார். போட்டிக்குப் பயந்து புழுவைச் சாக்காகச் சொன்னவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இரண்டையும் பிரித்து எடுப்பதற்குத்தான் அந்த வறண்ட கடிதங்கள்.

படம் எடுத்து முடித்த மறுநாளிலிருந்து தொடங்கும் வேலைக்கு ரிப்பன் இல்லை. விதை இஞ்சியை வெந்நீரில் முக்கி நூற்புழுவைக் கொன்று நடவேண்டும். மண் போகக் கழுவவேண்டும். புகையூட்டும் கூடத்தின் அளவுமானி சரிபார்த்த தேதி பதிவேட்டில் இருக்கவேண்டும். ஒரு சரக்கு திரும்பி வந்தால் யார் தோட்டத்து இஞ்சி என்று அன்றே சொல்லத் தெரியவேண்டும். நிதி தருகிறவர்களின் அறிக்கைப் படிவத்தில் "புதிதாகத் திறந்த சந்தைகள்" என்று ஒரு கட்டம் தவறாமல் இருக்கும். மூடாமல் காப்பாற்றிய சந்தைகளுக்கு நான் பார்த்த வரையில் கட்டமே இல்லை. அதனால், நியாயமாகப் பார்த்தால் வருமானத்தில் பெரும்பங்கைத் தருகிற பழைய பொருள்களுக்கு நேரமும் பணமும் ஒதுக்க ஒவ்வொரு தடவையும் வாதாட வேண்டியிருந்தது.

சந்தை போனால் என்னவாகும் என்பதற்குச் சமோவாவைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1993-இல் தலோவின் இலைக்கருகல் நோய் அங்கே நுழைந்தது. பூசணம் போன்ற ஒரு நுண்ணுயிர்; மழையும் ஈரமும் இருந்தால் தோட்டம் தோட்டமாகத் தாவும். நாட்டின் முதன்மை ஏற்றுமதியும் அன்றாட உணவும் ஒன்றாகச் சரிந்தன. ஆக்லாந்தில் காலியான இடத்தை பிஜி நிரப்பியது. தவேயுனித் தீவு முழுக்கச் சமோவாக்காரர்கள் விரும்பும் இளஞ்சிவப்பு ரகத்தையே போட்டார்கள்; அதன் பெயரிலேயே சமோவா இருக்கிறது, "தவுசாலா நி சமோவா". சமோவாவில் வெளித்தீவு ரகங்களையும் ஆசிய ரகங்களையும் கலப்பினம் செய்து, விவசாயிகளையே தேர்வாளர்களாக வைத்து, எதிர்ப்புச் சக்தியுள்ள தலோவை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. கிழங்கு திரும்பி வந்தபோது, பழைய வாடிக்கையாளரின் நாக்கு பிஜிக் கிழங்குக்குப் பழகியிருந்தது.

காவாவின் கதை வேறு. மிளகுக் குடும்பத்துச் செடி. வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து குடித்தால் நாக்கு மரத்து, மனசு அமைதியாகும். ஈரல் கெடுகிறது என்ற புகார்களின் பேரில் ஜெர்மனி 2002-இல் காவா மருந்துகளைத் தடைசெய்தது. காவா விளைவிக்கும் தீவு நாடான வனுவாட்டுவின் மலைத் தோட்டங்களுக்கு அது இடி. 2014-இல் ஜெர்மன் நீதிமன்றமே அந்தத் தடை செல்லாது என்றது. இடைப்பட்ட காலத்தில் வனுவாட்டு சும்மா இருக்கவில்லை. உயர்ந்த ரகங்களை மட்டுமே ஏற்றுமதி செய்யலாம், "இரண்டு நாள் காவா" எனப்படும் முரட்டு ரகம் வெளியே போகக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. ஆனால் உலர்ந்த தூளைப் பார்த்து எது எதுவென்று எப்படிச் சொல்வது? அசிட்டோனில் தூளைக் கலக்கிவிட்டுப் பார்த்தால் நல்ல ரகம் மஞ்சளாக நிற்கும், மற்றது செம்மஞ்சளுக்கு ஏறும். விலை அதிகமில்லாத இந்தச் சோதனையை ஏற்றுமதியாளர்களின் கொட்டகைக்கே கொண்டுபோக முடிந்ததை, நான் பார்த்தவற்றில் உருப்படியான உதவிகளில் ஒன்றாகச் சொல்வேன். ஆஸ்திரேலியா 2021 டிசம்பரில் வணிக இறக்குமதியைச் சோதனை முறையில் அனுமதித்தபோது, தரத்தைப் பற்றிய கேள்விகளுக்குக் காட்ட இவர்கள் கையில் ஏதோ ஒன்று இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் சரக்கு போகாத காலமும் உண்டு. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் 44 உயிர்களைக் கொண்டுபோனது, தோட்டங்களும் முறிந்தன. மரம் போட்டு மறுபடி பழம் பார்க்கும் மாதங்களில் கூட்டுறவின் வெப்ப அறைகளுக்குப் பழம் எங்கிருந்து வரும்? 2020-இல் புயலே தேவைப்படவில்லை. தீவுகளின் பழம் பறப்பது சுற்றுலாப் பயணிகளின் காலடியில், பயணிகள் விமானத்தின் வயிற்றில். பயணிகள் நின்றதும் பப்பாளியும் நின்றது. மானியம் கொடுத்துப் பறக்கவிட்ட சரக்கு விமானங்கள் கொஞ்சம் தாங்கின. நியூசிலாந்தின் அனுமதியோ நம் வெப்பமானியோ இதில் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நாட்டுக்கொரு சந்தைப் பணிக்குழு இருந்தது. விவசாயி, ஏற்றுமதியாளர், தாவரக் காப்பு அதிகாரி, வேளாண் துறை எல்லோரும் ஒரே மேசையில். காவாக் கிண்ணம் சுற்றிவந்த பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். எந்தப் பொருளுக்கு அடுத்து அனுமதி கேட்பது என்ற பட்டியலில் ஆளுக்கொரு ஆசை இருக்கும். ஒரு கூட்டத்தில் புதிதாக ஒரு பழத்துக்குச் சந்தை கேட்கவேண்டும் என்று பலமான கோரிக்கை வந்தது. பழுத்த அனுபவமுள்ள ஒரு ஏற்றுமதியாளர் அம்மா குறுக்கிட்டார். வாரத்துக்கு எத்தனை பெட்டி தருவீர்கள், எந்த மாதங்களில், கிலோவுக்கு விமானக் கட்டணம் போக என்ன நிற்கும் என்று வரிசையாகக் கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. அந்தப் பழம் பட்டியலின் அடியில் போனது. அதற்குச் செலவாகியிருக்கும் பணத்தில் பப்பாளித் தோட்டங்களின் பதிவேட்டைச் சீர்செய்வது என்று முடிவானது. அதிகாரி முகம் சுளித்தார், இதை மேலே எப்படிச் சாதனையாகக் காட்டுவது என்ற கவலை அவருக்கு. அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு, மூன்று மணிக்கு வண்டியில் பழம் ஏற்றவேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.