தறிக்குடோனில் விழுந்த கெர்னல்

சோமனூரில் ஒரு தறிக்குடோனில் நாங்கள் பொருத்திக் கொடுத்திருந்த கருவி, கடந்த ஐப்பசியில் மூன்றே நாட்களில் ஐந்து முறை நின்றுபோனது. 24 விசைத்தறிகளின் சென்சார்கள் அனுப்பும் துடிப்புகளை எண்ணி, எந்தத் தறி எவ்வளவு ஓடியது என்று கணக்கு வைப்பதே அதன் வேலை. உள்ளே லினக்ஸ் ஓடுகிறது; துடிப்புகளை வாங்குவது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் சேர்ந்து ஓடும்படி நாங்களே எழுதிய மாட்யூல் என்ற துணை நிரல். கெர்னலின் 5.10 பதிப்பில் இரண்டு ஆண்டுகள் சிக்கலின்றி ஓடிய அந்த மாட்யூல், 5.15-க்கு மாற்றிய வாரத்திலிருந்து விழத் தொடங்கியது.

"கரண்டு போயிட்டு வந்தா நின்னுருதுங்க தம்பி" என்றார் குடோன்காரர். கருவிக்குத் தனி யுபிஎஸ் இருந்ததால் அதை நான் முதலில் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

லாக் ஃபைலில் எதுவும் இல்லை. கெர்னலே விழும்போது வட்டில் எழுத யாரும் மிஞ்சுவதில்லை என்பதால், சீரியல் கேபிளை மாட்டி, லேப்டாப்பைப் பாவு உருளைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்துக் காத்திருந்தேன். விசைப்பலகையில் பஞ்சு படிந்துகொண்டே இருந்தது. மதியம் மின்சாரம் போய்த் திரும்பி, தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கிய சில நொடிகளில், ஸ்டாக்கின் காவல் பக்கம் தொடப்பட்டுவிட்டது என்ற வரி திரையில் வந்தது. அதாவது, சார்புகள் (நிரலின் சிறு சிறு துண்டுகள்) ஒன்றையொன்று அழைக்கும்போது பயன்படும் சிறு நினைவிடம் நிரம்பி வழிந்துவிட்டது. அதன் கீழே எங்கள் கால்பேக் (எஃப்ட்ரேஸ் அழைப்பதற்காக நாங்கள் எழுதிய சார்பு), எங்கள் உதவிச் சார்பு, இடையில் எஃப்ட்ரேஸின் சிறு இணைப்பு நிரல், மறுபடியும் கால்பேக் என்று அதே பெயர்கள் திரை முழுவதும் திரும்பத் திரும்ப இறங்கின.

எந்தச் சார்பு எப்போது ஓடுகிறது என்று பின்தொடரும் (டிரேசிங்) வசதி கெர்னலிலேயே உண்டு, அதுதான் எஃப்ட்ரேஸ். அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது புரியும். எக்ஸ்86 வகைச் செயலிகளுக்கான கெர்னலில் ஏறக்குறைய ஒவ்வொரு சார்பின் தொடக்கத்திலும் 5 பைட் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண நேரத்தில் அது ஒன்றும் செய்யாத கட்டளையாகக் கிடக்கும், டிரேசிங்கை இயக்கியதும் கால்பேக்குக்குப் போகும் அழைப்பாக மாற்றி எழுதப்படும். துடிப்பு சில சமயம் ஏன் தாமதமாகிறது என்று அறிய, தாமதமானதும் டிரேசிங் தானே இயங்கி, குறிப்பிட்ட முன்னொட்டுடன் தொடங்கும் எங்கள் சார்புகளை மட்டும் பதிவு செய்யும்படி வைத்திருந்தோம். கால்பேக்குக்கு, இதைப் பின்தொடராதே என்று சொல்லும் நோட்ரேஸ் குறி இட்டிருந்தோம். ஆனால் அது அழைத்த உதவிச் சார்பு வேறொரு ஃபைலில் இருந்தது, அதன் பெயரும் அதே முன்னொட்டுடன் தொடங்கியது, குறியும் இல்லை. ஆகவே கால்பேக் உதவியை அழைக்க, உதவி கால்பேக்கை அழைக்க, 16 கேபி ஸ்டாக் கண்ணிமைப்பதற்குள் தீர்ந்தது.

அப்படியானால் 5.10-இல் ஏன் விழவில்லை? என்னை உண்மையில் உலுக்கியது இந்தக் கேள்விதான். 5.10 வரை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கால்பேக் ஒரு கொடி (பதிவு செய்யும்போது வைக்கும் அடையாளம்) மூலம் சொன்னாலொழிய, இப்படிச் சுழன்று திரும்பும் அழைப்பை எஃப்ட்ரேஸே தடுத்துவிடும். 2021 பிப்ரவரியில் வந்த 5.11-இல் இந்த வழக்கம் தலைகீழாக்கப்பட்டது: பாதுகாப்பு வேண்டுமென்றால் கொடி வைத்துக் கேட்க வேண்டும், இல்லையேல் கால்பேக்கே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பிழை முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. கெர்னல் அதைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் திரும்பியதும் எல்லாத் தறிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கிளம்ப, துடிப்புகள் குவிந்து தாமதமாகி, டிரேசிங் இயங்கியிருக்கிறது. குடோன்காரர் பார்த்துச் சொன்னது அப்படியே உண்மை. அவரிடம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

உதவிச் சார்புக்கு நோட்ரேஸ் இட்டதோடு, கால்பேக்கின் தொடக்கத்தில் இப்படிச் சுழன்று திரும்பும் அழைப்பா என்று சோதித்துத் தடுக்கும் பூட்டையும் சேர்த்தேன். முதலாவது மட்டுமே போதும் என்றாலும், நாளை வேறொருவர் இன்னொரு உதவிச் சார்பை எழுதக்கூடும். பிறகு குடோன்காரரே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டார். 24 தறிகளும் கிளம்பின, டிரேசிங் இயங்கியது, கருவி நிற்கவில்லை. துடிப்பு ஏன் தாமதமாகிறது என்ற பழைய கேள்விக்கான பதிவு இப்போது கையில் இருக்கிறது. இந்த வாரம் அதைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.