முக்கோணம் இருக்கிறதா, பாருங்கள்

பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையில், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டு (78 தட்டு) ஏதும் கண்ணில் பட்டால், பாடியவர் பெயரைப் பார்த்த கையோடு லேபிளைச் சுற்றியுள்ள வழுவழுப்பான வளையத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எச்.எம்.வி. தட்டில், அங்கே பொறித்த எண்ணை அடுத்துச் சிறு முக்கோணமோ சதுரமோ இருந்தால் அது மைக் வைத்துப் பதிந்தது, அதாவது மின்பதிவு. கொலம்பியா என்றால் வட்டத்துக்குள் டபிள்யூ. லேபிளை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பழைய பதிவுகளையே பின்னாளில் புது லேபிளுடன் அடித்து விற்றிருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய முறையில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. புனலுக்குள் பாடிய குரலின் வலுவே சவ்வை அசைத்து, ஊசியைத் தள்ளி, மெழுகில் கோடு போட்டது. ஏறத்தாழ 200 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகப் பதிந்தது. மிருதங்கத்தில் தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்கி எனும் அடிநாதம் அடிபட்டுப் போய் வலந்தலை (வலப்பக்கம்) மட்டும் கேட்பதற்கும், ‘ஸ’ மழுங்குவதற்கும் இதுவே காரணம். வாசித்தவரைக் குறை சொல்லக் கூடாது. பெல் ஆய்வுக்கூடத்தின் மேக்ஸ்ஃபீல்டும் ஹாரிசனும் மைக், வால்வு ஆம்ப்ளிஃபயர், மின்காந்த வெட்டுத்தலை மூன்றையும் பொருத்தி உருவாக்கிய முறையை 1925இல் விக்டர், கொலம்பியா ஆகிய இசைத்தட்டு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. எல்லை 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது.

எந்த முறைப் பதிவு என்று தெரியாமல் கணினிக்கு ஏற்றினால் இரண்டுமே கெடும். மின்பதிவில் சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பக்கத்துப் பள்ளத்தில் இடிக்காமலிருக்க, ஒலியைக் குறைத்தே வெட்டினார்கள். கேட்கும்போது அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். புனல் பதிவில் அப்படி எதுவும் குறைக்கப்படவில்லை, கூட்டவும் தேவையில்லை. பிற்கால எல்பி தட்டுக்கான ஆர்ஐஏஏ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் ஒலியை அந்தத் தட்டுக்கேற்பச் சமன் செய்து பெருக்கும் கருவி) 50 ஹெர்ட்ஸில் 17 டெசிபெல் கூட்டும், 5,000இல் 8 டெசிபெல் வெட்டும். புனல் தட்டை அதில் ஓட்டினால் மோட்டார் உறுமல் பெருகும், குரல் போர்வைக்குள் போகும். சமன் செய்யாத ப்ரீஆம்ப் வழியாக ஏற்றி, மின்பதிவுக்கு மட்டும் மென்பொருளில் 250க்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 6 டெசிபெல் கூட்டுங்கள்.

எல்பி ஊசி வேண்டவே வேண்டாம். அது பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலை மட்டும் பொறுக்கும். 78 தட்டுக்கான தடித்த 3 மில் ஊசி போட்டு, அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மோனோவாக இணைத்தால் மேல்கீழ் அசைவின் கரகரப்பு பெருமளவு நீங்கும்.

வேகத்தில் பலர் இடறுகிறார்கள். சுழலும் வேகத்தை விளக்கொளியில் சரிபார்க்க இணையத்தில் வாங்கும் ஸ்ட்ரோப் அட்டை அமெரிக்காவுக்கானதாக இருந்தால் 92 கோடுகள் இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்தக் கோடுகள் 65 சுற்றிலேயே அசையாமல் நிற்கும். நமக்கு 77 கோட்டு அட்டை வேண்டும், அதையும் நன்றாக மினுங்கும் பழைய நியான் விளக்கில் பார்க்க வேண்டும். புனல் காலத்தில் 78 என்பதே உறுதியில்லை. 4.6 சுற்று மாறினால் சுருதி அரைக் கட்டை நகரும். பக்கவாத்தியமாக ஆர்மோனியம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வேகத்தைச் சரிபார்க்கலாம்.

துடைக்க ஆல்கஹால் கூடாது, தட்டில் உள்ள அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவம் போதும். லேபிள் நனையாமல் கழுவி, உடனே ஒற்றி எடுத்து, பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்குமுன் நன்றாக உலர்த்தி, புது உறையில் போடுங்கள்.