பழைய கணினியில் ஃப்ரீபிஎஸ்டி: பிழை எண் 19 என்னை அலைக்கழித்த கதை

ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை நிறுவப்போய் மூன்று நாள்கள் என்னைப் பாடாய்ப் படுத்திய கணினி நேற்றிரவுதான் ஒருவழியாக உள்நுழைவு வரியைக் காட்டியது. இதே சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் நல்ல கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடக் கூடாது என்பதால் சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

கணினி பென்டியம் 4. நினைவகம் 512 எம்பி, வட்டு 40 ஜிபி ஐடிஇ. செயலி 32 பிட் என்பதால் ஃப்ரீபிஎஸ்டி 14ஆம் பதிப்பின் ஐ386 கோப்பை எடுத்தேன். 15ஆம் பதிப்பில் அதைத் தேட வேண்டாம். இத்தகைய கணினிகளுக்கான நிறுவல் கோப்புகள் அதில் கைவிடப்பட்டுவிட்டன. சிடி டிரைவ் பழுது. பென்டிரைவிலிருந்து தொடங்க பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) வசதியும் இல்லை. ஆகவே வட்டைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் மூலம் தம்பியின் கணினியில் மாட்டி, பழைய பயாஸ்களுக்கு ஒத்துவரும் எம்பிஆர் பகிர்வு முறையில் நிறுவினேன். அதில் ஒரு தடங்கலும் இல்லை.

வட்டைத் திரும்ப மாட்டி இயக்கியதும் கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) வரிகள் வேகமாக ஓடி, மூலப் பகிர்வை ஏற்ற முடியாதபோது வரும் 'மவுன்ட்ரூட்' என்ற சொல்லுடன் திரை நின்றுவிட்டது. எந்த விசையை அழுத்தியும் ஓர் எழுத்துகூட விழவில்லை. நம்லாக் விளக்கும் எரியவில்லை. விசைப்பலகையே செத்துக் கிடக்கிறது என்றால் மதர்போர்டில்தான் கோளாறு என்று நினைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் திரையில் இருந்ததை ஒரு வரிகூடப் படிக்காமல், "போர்டு போயிடுச்சு சார், இதுக்குப் போய் செலவு பண்ணாதீங்க" என்று சொல்லி, பார்த்ததற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின், முதல் நாள் கைப்பேசியில் திரையை எடுத்த படத்தைப் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தேன். 'டிஏ1எஸ்1ஏ'யை ஏற்ற முடியவில்லை, பிழை எண் 19 என்றிருந்தது. அதற்குச் சற்று மேலேயே வட்டு 'ஏடிஏ0' என்ற பெயரில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. தம்பியின் கணினியில் நிறுவல் பென்டிரைவ் டிஏ0 ஆகவும், யுஎஸ்பி வழி வந்த என் வட்டு டிஏ1 ஆகவும் இருந்திருக்கின்றன. நிறுவல் நிரல் அந்தப் பெயரையே, எந்த வட்டுப் பகிர்வை எங்கே ஏற்றுவது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிவைத்துவிட்டது. ஐடிஇ கேபிளுக்குத் திரும்பியதும் பெயர் மாறிவிட, இல்லாத சாதனத்தைக் கெர்னல் தேடிக்கொண்டிருந்தது. போர்டுக்கு ஒரு குறையும் இல்லை.

விசைப்பலகை செத்துப்போகவும் இல்லை. மவுன்ட்ரூட் கட்டத்தில் யுஎஸ்பி விசைப்பலகைகள் இப்படி முடங்குவது ஃப்ரீபிஎஸ்டியில் பலர் பட்டறிந்த தொல்லை. அங்கே பழைய வட்டமுனை பிஎஸ்/2 விசைப்பலகை கைகொடுக்கும். என்னிடம் அது இல்லை. ஆனால் கெர்னல் ஏறுவதற்கு முன்வரும் தொடக்கப் பட்டியலில் விசைகளைக் கவனிப்பது பயாஸ். அங்கே என் யுஎஸ்பி விசைப்பலகையே வேலை செய்தது. பத்து நொடிகள் எண்ணி முடிவதற்குள் 3ஐ அழுத்தி, கெர்னலை ஏற்றும் லோடர் நிரலின் கட்டளை வரிக்குப் போய், வி.எஃப்.எஸ். ரூட் மவுன்ட்ஃப்ரம் என்ற மாறிக்கு ஏடிஏ0எஸ்1ஏ என்ற சரியான பெயரை 'செட்' கட்டளையால் கொடுத்து, பழுதுபார்க்க உதவும் ஒற்றைப் பயனர் நிலையில் தொடங்கினேன். சாதனப் பெயருக்கு முன்னால் யுஎஃப்எஸ் என்ற கோப்பமைப்பின் பெயரையும் முக்காற்புள்ளியையும் சேர்க்க வேண்டும். முதல்முறை அதை விட்டதால் மறுபடியும் அதே சுவரில் முட்டினேன். இரண்டாம் முறை ஷெல் (கட்டளைகளைத் தட்டும் வரி) வந்து நின்றபோது நான் கத்திய கத்தலில் வீடே விழித்துக்கொண்டது.

பிறகு மூலக் கோப்பகத்தை எழுதத்தக்கதாக மாற்றி எஃப்எஸ்டேப்பைத் திருத்தினேன். அவசரத்தில், நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடமான ஸ்வாப்பின் வரியை மாற்ற மறந்தேன். கணினி ஓர் எச்சரிக்கையோடு தொடங்கிவிடுவதால் அது எளிதில் கண்ணில் படாது. 512 எம்பியை மட்டும் வைத்துக்கொண்டு மென்பொருள் பொதிகளை நிறுவும்போது நினைவகம் போதாமல் நின்ற பிறகே எனக்குத் தெரிந்தது. இரண்டு வரிகளையும் பாருங்கள்.

கடைசியாக, மறுபடி ஒற்றைப் பயனர் நிலைக்குப் போய், மூலப் பகிர்வு படிக்க மட்டுமான நிலையில் இருக்கும்போதே ட்யூன்எஃப்எஸ் கட்டளையால் அதற்கு, கேபிள் மாறினாலும் மாறாத பெயராக, 'வீடு' என்ற பொருளில் ஒரு லேபிள் இட்டு, எஃப்எஸ்டேப்பிலும் அந்த லேபிளையே எழுதினேன். சோதித்துப் பார்க்க வட்டை மீண்டும் யுஎஸ்பி அடாப்டரில் போட்டுத் தம்பியின் கணினியில் இயக்கினேன். மவுன்ட்ரூட்டில் நிற்காமல் நேரே உள்நுழைவு வரிக்கு வந்தது.