ஒரே போத்தலில் இரண்டு சாதி ஈ

ஏப்ரல் 21, பகோ (மியான்மர்)

திஞ்சான் புத்தாண்டுத் திருவிழா முடிந்து முதல் செயின்தலோன் ரக மாம்பழத்தைப் பறித்தோம். தோலில் ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். அறுத்தால் உள்ளே புழு நெளிகிறது. பெண் பழ ஈ அந்தத் துளை வழியாகத்தான் முட்டை வைத்திருக்கிறது. அத்தை பழத்தை வேலியோரம் வீசப் போனார். "வேண்டாம் அத்தை, புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, திரும்ப ஈயாத்தான் வரும்" என்று வாங்கி, பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டேன். "மாம்பழத்துக்கும் பாடை கட்டுறியா தம்பி?" என்றார்.

ஏப்ரல் 24

மெத்தில் யூஜினால் என்பது ஆண் பழ ஈக்களை இழுக்கும் வாசனைப் பொருள். யாங்கோனிலிருந்து வரவழைத்த, அதில் நனைத்த பஞ்சைக் கொஞ்சம் பூச்சிமருந்தோடு சேர்த்து, ஓட்டை போட்ட தண்ணீர்ப் போத்தலில் வைத்து மாமரத்தில் தொங்கவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் அடியில் ஈக்கள் குவிந்துவிட்டன. எல்லாம் ஆண்.

நூறு வருஷத்துக்கு முந்தியே கவனித்த விஷயம் இது. பீகாரில் பூசா என்ற ஊரில் ஹௌலட் என்ற பூச்சியியலாளர் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொசுவுக்காகச் சிட்ரோனெல்லா எண்ணெய் தெளித்த கைக்குட்டையில் பழ ஈக்கள் மொய்த்தன, அத்தனையும் ஆண். 1912இல் அதை எழுதி வெளியிட்டார். ஈயை இழுத்தது எண்ணெயில் இருந்த மெத்தில் யூஜினால் என்பது பிறகு தெரிந்தது. துளசியிலும் அது உண்டு. அத்தையிடம் சொன்னேன். துளசி மாடத்தில் ஈ பிடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே தடை போட்டுவிட்டார்.

ஏப்ரல் 28

செத்த ஈக்களை வெள்ளைத் தாளில் கொட்டி லென்ஸில் பார்த்தேன். இரண்டு சாதி இருக்கிறது. ஒன்றின் இறக்கை முன்விளிம்பில் கருங்கோடு நுனிவரை தொடர்ந்து ஓடுகிறது: பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். மற்றதில் கோடு நடுவில் அறுந்து, நுனியில் தனியாக ஒரு புள்ளி. முகத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை. அது பாக்ட்ரோசெரா கரெக்டா, கொய்யா ஈ.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். இரண்டும் தேடி வருவது ஒரே பொருளை. ஆண் ஈ அதைத் தின்று, உடம்புக்குள் மாற்றி, குடலின் கடைசியில் இருக்கும் சுரப்பியில் சேமித்து, பெண்ணைக் கூப்பிடும் வாசனையாக விடுகிறது. மாற்றும் விதத்தில்தான் பிரிகின்றன. ஒரே அரிசி ஒரு வீட்டில் இட்லியாகவும் அடுத்த வீட்டில் மொஹிங்கா நூடுல்ஸாகவும் ஆகிறதே, அப்படி. டார்சாலிஸ் அதை கோனிஃபெரில் ஆல்கஹாலாகவும் இன்னொரு ஃபீனாலாகவும் ஆக்குகிறது. கொய்யா ஈயிடமும் கோனிஃபெரில் ஆல்கஹால் உண்டு, ஆனால் அணுக்கள் இரட்டைப் பிணைப்பின் மறுபக்கம் திரும்பிய வடிவத்தில். கூடவே கேரியோஃபிலின் போன்ற வாசனைப் பொருள்களையும் சேர்த்து வைக்கிறது.

இங்கே ஒரே போத்தலில் இரண்டு சாதி. பலவாக இருந்தவை ஒன்றாகி, தலைகீழாகவும் நடந்திருக்கிறது. மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்கா என்று இடத்துக்கொரு பெயரில் தனித்தனி இனங்களாக இருந்த ஈக்களை 2015இல் டார்சாலிஸோடு சேர்த்துவிட்டார்கள். அவை தங்களுக்குள் தாராளமாகக் கூடுகின்றன, வாசனையும் ஒன்றே என்பது அதற்கு ஒரு காரணம். என்னைக் கேட்டால் இறக்கைக் கோட்டைவிட இது நல்ல சாட்சி. யார் உறவு என்பதை ஈயே சொல்லிவிடுகிறது.

மே 3

பாகற்பந்தலில் பழுப்பு ஈ. இந்தப் போத்தலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளரி, பாகல், பூசணியைக் கெடுக்கும் அந்தச் சாதிக்கு கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும்.

மே 10

"இவ்வளவு செத்தும் பழத்தில் புழு இருக்கே?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஓர் ஆண் பல பெண்களோடு கூடும். கிட்டத்தட்ட எல்லா ஆணும் ஒழிந்தால்தான் பலன். ஜப்பானின் தெற்குத் தீவுகளில் 1986இல் அப்படித்தான் டார்சாலிஸை ஒழித்தார்கள். சுற்றிலும் கடல், அரசாங்கமே செய்த வேலை. இங்கே என் வேலிக்கு அப்பால் ஊர் முழுக்க மாமரம்.

பெண் ஈக்கு முட்டை வளரப் புரதம் வேண்டும். அதனால் இன்னொரு போத்தலில் ஙப்பி (புளிக்க வைத்த மீன், இறால் விழுது) கரைத்துத் தொங்கவிட்டேன். சில பெண் ஈக்கள் விழுந்தன, வீட்டு ஈ அதைவிட அதிகம். நாற்றம் தாங்காமல் அத்தை அதைக் கொல்லைக் கோடிக்கு மாற்றிவிட்டார். கொய்யாப் பிஞ்சுக்கு நாளை முதல் காகிதப் பை கட்டப்போகிறோம். பழைய செய்தித்தாளும் கோந்தும் தயார்.