கெட்டி சென்டர்: மலைமேல் ஒரு கலைக்கூடம்

லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்கள் ஹாலிவுட், டிஸ்னிலேண்ட் என்று பட்டியல் போடும்போது, கெட்டி சென்டரையும் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். நுழைவுக்கட்டணம் கிடையாது. ஆன்லைனில் நேரம் குறித்து முன்பதிவு செய்தால் போதும். திங்கட்கிழமை விடுமுறை. காரில் வந்தால் நிறுத்துவதற்கு மட்டும் காசு. அடிவாரத்திலிருந்து ஓட்டுநர் இல்லாத குட்டி டிராம் ஒன்று மலையேற்றிவிடுகிறது. 405 நெடுஞ்சாலையின் நெரிசல் கீழே சிறுத்துக்கொண்டே போகும்.

மேலே இறங்கியதும் ஓவியங்களைத் தேடி ஓடாதீர்கள். முதலில் சுவர்களுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்திலுள்ள திவோலியிலிருந்து வந்த டிராவர்டைன் கல். மொத்தம் 16,000 டன். வெந்நீர் ஊற்றுகளின் சுண்ணாம்பு படிந்து உருவான கல் இது. மழமழவென்று இழைக்காமல், அதன் இயற்கையான அடுக்கை ஒட்டியே பிளந்திருக்கிறார்கள். அதனால் உள்ளே புதைந்து கிடந்ததெல்லாம் வெளியே தெரிகிறது. ஒரு பலகையில் விரல் நீள இலை ஒன்று நரம்பு நரம்பாகப் பதிந்திருந்தது. அந்த இடத்தைவிட்டு நகரவே எனக்கு மனம் வரவில்லை.

எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர் ஜே. பால் கெட்டி. இங்கிலாந்து மாளிகையில் விருந்தாளிகளுக்கென்று காசு போட்டுப் பேசும் போன் வைத்தவர் என்ற கதை உலகப் பிரசித்தம். அதே மனிதர்தான் 1954-லேயே தன் பண்ணை வீட்டில் அருங்காட்சியகம் திறந்தார். பிறகு பழைய ரோமானிய மாளிகையின் சாயலில் கட்டிய கெட்டி வில்லா 1974-ல் திறக்கப்பட்டது. அதை அவர் நேரில் பார்க்கவே இல்லை. 1976-ல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியை அருங்காட்சியகத்துக்கே எழுதிவைத்திருந்தார். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மெய்யர் வடிவமைத்த இந்த மலைக் கட்டடங்கள் 1997-ல்தான் திறந்தன. முற்றத்தில் பிள்ளைகள் ஓடியாடுவதைப் பார்த்தபோது, அந்தப் போன் கதையெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஓவியக் கூடங்கள் மேல்மாடியில் இருக்கின்றன. கூரைக் கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் இறங்குகிறது. வெயிலின் போக்குக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைக்கும் தடுப்புப் பட்டைகளும் உண்டு. ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு வான் கோவின் 'ஐரிஸ் மலர்கள்' ஓவியமே சாட்சி. 1889-ல் பிரான்ஸின் சான் ரெமி மனநல விடுதியில் சேர்ந்த புதிதில் வரைந்தது. நீலப் பூக்களுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைப் பூ. ஆனால் அந்த நீலம் முதலில் நீலமாக இருக்கவில்லை. அவர் தீட்டியது ஊதா. அதில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளிறி, நீலம் மட்டும் தங்கிவிட்டது. கெட்டியின் ஆய்வாளர்களே சாயங்களைப் பரிசோதித்து இதைக் காட்டியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், பூ ஒவ்வொன்றிலும் இல்லாத அந்தச் சிவப்பைக் கண் தேட ஆரம்பித்துவிடும். படத்தின் முன்னால் எப்போதும் கூட்டம். ஆனாலும் முண்டியடித்துப் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் ஆட்கள் விலகுவார்கள். பக்கத்தில் போனால் தூரிகை இழுத்த வரிகள் தடிப்புத் தடிப்பாகத் தெரியும்.

பெல்ஜியத்தின் ஜேம்ஸ் என்சார் வரைந்த 'பிரஸ்ஸல்ஸில் கிறிஸ்துவின் வருகை' இன்னொரு அதிசயம். நாலு மீட்டருக்கும் மேல் அகலம். முகமூடி முகங்களின் திருவிழாக் கூட்டத்துக்குள் கிறிஸ்துவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ராபர்ட் இர்வின் வடிவமைத்த தோட்டமும் அழகுதான். குளத்தில் மிதப்பதுபோல் அசேலியாச் செடிகள் சுழல் சுழலாக நிற்கின்றன. ஆனால் நேரம் குறைவு என்றால் என் ஓட்டு ஓவியங்களுக்கே. கிரேக்க, ரோமானியச் சிலைகளில் ஆர்வம் இருப்பவர்கள் கெட்டி வில்லாவுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். அங்கேயும் நுழைவு இலவசம், முன்பதிவு மட்டும் தனி.